குண்டைத் தேடுவது ஆய்வாளர் வேலை இல்லை: வடகொரியா 1993

வைகைக்கரை எழுதியது:

ஈரான் செய்தி வரும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே கேள்விதான் ஓடுகிறது. "குண்டு செய்ததற்கு ஆதாரம் எங்கே?" ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இதை வைத்தே மல்லுக்கட்டுகிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமைக்குச் சட்டம் கொடுத்த வேலை அது இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3-ஆம் பிரிவுப்படி, ஆயுதம் இல்லாத நாடுகள் முகமையுடன் தனியாக ஒரு கண்காணிப்பு ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு ஒரு மாதிரி வரைவு இருக்கிறது. அதில் முகமையின் வேலை அணுப்பொருள் கணக்கைச் சரிபார்ப்பது. "கணிசமான அளவு" பொருள் வேறு வழிக்குத் திருப்பப்பட்டால் அதை உரிய நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவு புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. உயர்செறிவு யுரேனியத்தில் இருக்கும் யுரேனியம்-235 என்றால் 25 கிலோ.

அதே வரைவின் 19-ஆம் பத்தியைப் படித்துப் பாருங்கள். பொருள் ஆயுதத்துக்குப் போகவில்லை என்று முகமையால் சரிபார்க்க முடியாமல் போனாலே, முகமையில் உறுப்பு நாடுகள் அமர்ந்து முடிவெடுக்கும் ஆளுநர் குழு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு அறிக்கை அனுப்பலாம். குண்டைக் காட்ட வேண்டியதில்லை. கணக்குக் காட்டும் பொறுப்பு ஒப்பந்தம் போட்ட நாட்டுடையது.

இது முழு வீச்சில் சோதனைக்கு வந்தது வடகொரியா விவகாரத்தில். 1985-இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த அந்த நாடு, கண்காணிப்பு ஒப்பந்தத்தை 1992 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மே 4-ஆம் தேதி தன்னிடம் இருக்கும் அணுப்பொருள்களின் முதல் கணக்கைக் கொடுத்தது. யோங்பியோன் என்ற தங்கள் அணு வளாகத்தில் 1990-இல் ஒரே ஒரு முறை, சேதமான எரிபொருள் கோல்களிலிருந்து, சுமார் 90 கிராம் புளூட்டோனியம் பிரித்தோம் என்பது அவர்கள் வாக்குமூலம்.

90 கிராம் எங்கே, 8 கிலோ எங்கே? ஆனால் முகமை அந்த 90 கிராமைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சில மாதங்களில் கணக்கு உதைத்தது. அங்கிருந்து பேசுவோம்.

குறிஞ்சிமலர் எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம். "ஒரு முறைதான் பிரித்தோம்" என்று ஒரு நாடு சொன்னால், இல்லை பல முறை என்று வெளியிலிருந்து போனவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கேமரா பொருத்தியது 1992-இல். விஷயம் நடந்தது அதற்கு முன்னால். உளவுத் தகவலை வைத்துத்தானே சொல்லியிருக்க முடியும்?

உப்பளம் எழுதியது:

குறிஞ்சிமலர், இதற்கு நான் பதில் சொல்கிறேன். கதிர்வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன், ஓய்வு பெற்றாயிற்று.

ஆய்வாளர் கையில் இருப்பது ஒரு சதுரப் பருத்தித் துணி, கைக்குட்டையை விடச் சின்னது. கையுறை மாட்டிக்கொண்டு, கையுறைப் பெட்டியின் ஓரம், குழாய் மூட்டு, கதவின் மேல்விளிம்பு, இப்படித் துடைப்பவர் கை எட்டாத இடமாகப் பார்த்து அந்தத் துணியால் துடைப்பார். துணியை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு மூடுவார். மாதிரி ஆய்வகத்துக்குப் போகும்போது அதன் மேல் நாட்டின் பெயர் இருக்காது, ஒரு எண் மட்டும்தான். ஆய்வு செய்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எவ்வளவு கழுவினாலும் மைக்ரான் அளவுத் துகள்கள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இனி கடிகாரம். உலையில் உண்டாகும் புளூட்டோனியத்தில் 241 என்ற ஐசோடோப்பும் (அதே தனிமத்தின் வேறு எடையுள்ள வகை) கொஞ்சம் இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 14 ஆண்டு. அது சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. மறுபதப்படுத்தும்போது, அதாவது எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும்போது, அமெரிசியம் கழிவோடு போய்விடும், சுத்தமான புளூட்டோனியம் தனியே வரும். அந்த நிமிடத்திலிருந்து அமெரிசியம் மறுபடி பூஜ்யத்திலிருந்து சேர ஆரம்பிக்கும். ஆக, ஒரு துகளில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், அது எப்போது பிரிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

ஒரே முறை பிரித்திருந்தால் எல்லாத் துகளும் ஒரே வயதைக் காட்ட வேண்டும். யோங்பியோன் மாதிரிகள் அப்படிக் காட்டவில்லை. 1989, 1990, 1991 என்று மூன்று காலகட்டம் தெரிந்தது. அதோடு, அவர்கள் காட்டிய புளூட்டோனியமும் காட்டிய கழிவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அப்படியென்றால் காட்டாத புளூட்டோனியம் எங்கேயோ இருக்கிறது, காட்டாத கழிவும் எங்கேயோ இருக்கிறது. உளவுத் தகவல் வந்தது உண்மை. ஆனால் பொய் முதலில் வெளிப்பட்டது துணியில்தான்.

தேரிக்காடு எழுதியது:

உப்பளம் ஐயா எழுதியதை மறுக்கவில்லை, அறிவியல் சரிதான். என் ஆட்சேபம் சட்டத்தில்.

வடகொரியா மறைத்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு கழிவு இடங்களின் செயற்கைக்கோள் படங்களை 1993 பிப்ரவரியில் ஆளுநர் குழுவுக்குக் காட்டியது அமெரிக்கா. ஒரு நாட்டோடு போர் நிறுத்தம் மட்டுமே செய்துகொண்டு, சமாதான உடன்படிக்கை போடாத இன்னொரு நாடு கொடுத்த படத்தை வைத்து, "உன் ராணுவ இடத்தைத் திற" என்று ஒரு சர்வதேச அமைப்பு கேட்கிறது. எந்த நாடு சம்மதிக்கும்? அவை அணுத்திட்டத்தோடு சம்பந்தமில்லாத ராணுவ இடங்கள் என்றார்கள். அதைப் பொய் என்று நிரூபிக்க உள்ளே போக வேண்டும். உள்ளே போக, பொய் என்று நிரூபித்திருக்க வேண்டும். இந்தச் சுழலுக்கு ஒப்பந்தத்தில் விடை இருக்கிறதா?

இன்னொன்று. ஆயுதம் வைத்திருக்க ஒப்பந்தம் ஏற்றுக்கொண்ட ஐந்து வல்லரசுகள் தாங்களாக விரும்பிக் காட்டும் நிலையங்களில் மட்டும் முகமை பார்க்கிறது. மற்றவன் வீட்டில் கதவின் மேல்விளிம்பு வரை துணி போட்டுத் துடைக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. அதைச் சொல்லாமல் "கணக்குக் காட்டும் பொறுப்பு நாட்டுடையது" என்று மட்டும் பேசுவது நியாயம் ஆகாது.

வைகைக்கரை எழுதியது:

தேரிக்காடு, இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பதிலுக்கு ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்துவோம் என்று 6-ஆம் பிரிவில் ஒப்புக்கொண்டவர்கள் அதைக் காப்பாற்றவில்லை. அது தனிக் குற்றம். ஆனால் அடுத்தவன் வாக்குத் தவறியது என் கணக்கைச் சரியாக்கிவிடாது.

இப்போது சட்டம். சுழல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். மாதிரி ஒப்பந்தம் அதை யோசித்தே எழுதப்பட்டது. 73-ஆம் பத்தி: நாடு கொடுத்த தகவலும் வழக்கமான ஆய்வில் கிடைத்ததும் போதாது என்று முகமை கருதினால் சிறப்பு ஆய்வு கேட்கலாம். கவனியுங்கள், "போதாது" என்றால் போதும். பொய் என்று நிரூபிக்கத் தேவையில்லை. 77-ஆம் பத்தி: வழக்கமான இடங்களுக்கு அப்பாலும் போகலாம், நாட்டோடு கலந்து பேசிவிட்டு. நாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் 18-ஆம் பத்தி: அவசியமும் அவசரமும் என்று ஆளுநர் குழு முடிவு செய்தால் நாடு தாமதிக்காமல் அதைச் செய்ய வேண்டும்.

ஹான்ஸ் பிளிக்ஸ் அப்போது முகமையின் தலைமை இயக்குநர். இந்தப் படிகளை ஒன்று விடாமல் ஏறினார். கேட்டார், பேசினார், மறுத்தார்கள். 1993 பிப்ரவரி 25 அன்று ஆளுநர் குழு "அவசியம், அவசரம்" என்றது. மார்ச் 12-ஆம் தேதி வடகொரியா பரவல் தடை ஒப்பந்தத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. ஏப்ரல் 1 அன்று குழு "ஒப்பந்தத்தை மீறியது, சரிபார்க்க முடியவில்லை" என்று பாதுகாப்பு கவுன்சிலுக்கு அனுப்பியது.

படம் அமெரிக்கா கொடுத்தது என்பது உண்மை. ஆனால் முரண்பாடு படத்துக்கு முன்பே முகமையின் சொந்த மாதிரிகளில் தெரிந்துவிட்டது. படம் காட்டியது எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்பதை.

குறிஞ்சிமலர் எழுதியது:

சரி, அப்படியென்றால் எல்லா நாட்டிலும் இப்படிக் கேட்கலாமே? வேறு எங்கெல்லாம் சிறப்பு ஆய்வு நடந்தது?

வைகைக்கரை எழுதியது:

நீங்கள் கேட்டது சரியான இடம். முகமை வரலாற்றில் இரண்டே முறை. 1992-இல் ருமேனியா, அதுவும் அந்த நாட்டின் புதிய அரசே, பழைய ஆட்சியின் காரியத்தை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டது. இன்னொன்று வடகொரியா, மறுக்கப்பட்டது. அதன்பிறகு அந்தப் பத்தியைத் தொடவே முகமை தயங்குகிறது. கேட்டு மறுக்கப்பட்டால் விவகாரம் உடனே நியூயார்க்கில் இருக்கும் பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போகும், அங்கே முட்டி நிற்கும் என்ற பயம்.

ஓடக்காரன் எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். இங்கே ஒரு முக்கியமான நாடு விடுபட்டிருக்கிறது. அதே காலத்தில், அதே முகமை, அதே மாதிரி ஒப்பந்தத்தின் கீழ் தென்னாப்பிரிக்காவில் என்ன செய்தது என்று பாருங்கள்.

1991 ஜூலையில் தென்னாப்பிரிக்கா பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் வலிந்தாபா ஆலையில் அதற்கு முன் பல ஆண்டுகளாக உயர்செறிவு யுரேனியம் தயாரித்திருந்தார்கள். முகமைக்கு வந்த சிக்கல் யோங்பியோனில் வந்ததேதான்: காட்டிய இருப்பு இவ்வளவு, ஆனால் உண்மையில் தயாரித்தது எவ்வளவு? ஆய்வாளர்கள் ஆலையின் தினசரி இயக்கப் பதிவேடுகளை வாங்கி உட்கார்ந்து, எந்த நாளில் எவ்வளவு மின்சாரம் ஓடியது, எவ்வளவு பொருள் உள்ளே போனது என்று வருடக்கணக்கில் திரும்பக் கூட்டிப் பார்த்தார்கள். 1993 மார்ச் 24 அன்று அந்நாட்டு அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆறு குண்டுகள் செய்தோம், எல்லாவற்றையும் கலைத்துவிட்டோம் என்றார். வடகொரியா விலகல் கடிதம் கொடுத்துப் பன்னிரண்டு நாளில்!

அதன்பிறகு நியாயமான எந்த இடத்துக்கும் எந்த நேரத்திலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கலஹாரி பாலைவனத்தில் வெடிப்புச் சோதனைக்காகத் தோண்டிய குழிகளைப் பயனற்றதாக்கியதை ஆய்வாளர்கள் நேரில் நின்று பார்த்தார்கள்.

ஆக, பழைய கணக்கைத் திரும்பக் கட்டுவது நடக்கக்கூடிய காரியம்தான். நாடு கதவைத் திறந்தால் நடக்கும். தேரிக்காடு சொல்லும் இறையாண்மைக்கு இதில் ஒரு பங்கமும் வரவில்லை. அந்த நாடு அதனால் மரியாதையைத்தான் சம்பாதித்தது.

தேரிக்காடு எழுதியது:

தென்னாப்பிரிக்காவை யாரும் படையெடுத்து வருவதாக மிரட்டவில்லை, ஓடக்காரன். நிறவெறி ஆட்சி முடிகிற நேரத்தில், அடுத்து வரப்போகும் அரசின் கையில் குண்டு போய்விடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஓடக்காரன் எழுதியது:

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். கணக்கு சரிபார்க்கப்பட்டது. நான் சொல்வது அவ்வளவுதான்.

செம்பருத்தி எழுதியது:

எங்கள் ஊர் கூடங்குளத்துக்குப் பக்கம். நீங்கள் சொல்லும் ஆய்வாளர்கள் இங்கேயும் வருவார்களா? இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று படித்திருக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

வருவார்கள் அம்மா. இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் நாடு முழுவதற்குமான கண்காணிப்பு நமக்கு இல்லை, நிலையம் நிலையமாகத்தான். கூடங்குளம் ரஷ்ய உதவியில் வந்தது, எனவே முகமையின் கண்காணிப்பில் இருக்கிறது. கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையமும் முன்மாதிரி ஈனுலையும் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவுடனான உடன்பாட்டுக்காக நிலையங்களைப் பொது, ராணுவம் என்று பிரித்தபோது இவற்றை வெளியே வைத்தார்கள். முகமையுடன் அதற்கான ஒப்பந்தம் 2009-இல் கையெழுத்தானது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தக் கண்காணிப்பு யுரேனியக் கணக்குக்கானது. உலை பாதுகாப்பாக ஓடுகிறதா, கடலில் வெந்நீர் கலக்கிறதா என்பதை இவர்கள் பார்ப்பதில்லை.

செம்பருத்தி எழுதியது:

நன்றி. இரண்டும் ஒன்று என்றுதான் இவ்வளவு நாள் எங்கள் பக்கம் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டதே நல்லதாகப் போயிற்று.

பனையோலை எழுதியது:

சட்டம் படித்தவள் என்ற முறையில் விலகல் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வைகைக்கரை அதைச் சீக்கிரம் கடந்துவிட்டார். என் பார்வையில் இந்த விவகாரத்தில் உண்மையான ஓட்டை அங்கேதான்.

பரவல் தடை ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தின் பொருளோடு தொடர்புள்ள அசாதாரண நிகழ்வுகள் நாட்டின் உச்ச நலனுக்கு ஆபத்தாகிவிட்டன என்று ஒரு நாடு கருதினால், மூன்று மாத அவகாசத்தோடு, காரணம் சொல்லி விலகலாம். யார் கருத வேண்டும்? அந்த நாடே. காரணம் சரியா என்று தீர்ப்பு சொல்ல ஒருவரும் இல்லை.

1993-இல் பாதுகாப்பு கவுன்சிலுக்கு அறிக்கை போனபிறகு என்ன வந்தது? மே 11 அன்று 825-ஆம் தீர்மானம். 13 நாடுகள் ஆதரவு, சீனாவும் பாகிஸ்தானும் ஒதுங்கின. தீர்மானத்தில் இருந்ததெல்லாம் "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்ற வேண்டுகோள். தடை இல்லை, கெடு இல்லை. ஜூன் 11 அன்று, மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, விலகலை "நிறுத்தி வைக்கிறோம்" என்றது வடகொரியா. பத்தாண்டு கழித்து, 2003 ஜனவரி 10 அன்று மறுபடி விலகல். இந்த முறை, அன்றைக்கே மிச்சம் ஒரு நாள்தான் பாக்கி, நாளையே விலகல் அமலாகும் என்றார்கள்.

நிறுத்தி வைத்த விலகலை இப்படி எடுத்து ஒட்ட முடியுமா? ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை என்பது என் கருத்து. புதிதாக அறிவித்தால் புதிதாக மூன்று மாதம் வேண்டும், எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் உறுப்பு நாடுகள் அதை முடிவுக்குக் கொண்டுவராமலே விட்டன. ஒப்பந்த மறுஆய்வு மாநாட்டுக்காக அந்த ஆண்டு நடந்த ஆயத்தக் கூட்டத்தில் வடகொரியாவின் பெயர்ப்பலகையை மேசையில் வைக்கவும் இல்லை, எடுத்துவிட்டோம் என்று சொல்லவும் இல்லை. கூட்டத் தலைவர் அதைத் தன் வசம் வைத்துக்கொண்டார். 2006 அக்டோபர் 9 அன்று முதல் குண்டு வெடித்தது.

முகமை தன் வேலையைச் செய்தது. மேலே இருந்தவர்கள் கோட்டை விட்டார்கள்.

உப்பளம் எழுதியது:

பனையோலை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 1994 மேயில் நடந்ததுதான் என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் ஆறாத விஷயம்.

யோங்பியோன் உலையிலிருந்து சுமார் 8,000 எரிபொருள் கோல்களை வெளியே எடுக்க ஆரம்பித்தார்கள். எந்தக் கோல் உலையில் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்தால், ஒவ்வொன்றும் எத்தனை காலம் எரிந்தது என்று அளந்து, அந்தக் கோல்கள் முதலிலிருந்தே இருந்தவையா அல்லது 1989-இல் மாற்றப்பட்டவையா என்று சொல்லிவிடலாம். முகமை கேட்டது குறிப்பிட்ட கோல்களைத் தனியே எடுத்து வையுங்கள் என்பது மட்டும்தான். அந்தச் சொல்லைக் கேட்காமல் எல்லாவற்றையும் வேகவேகமாக எடுத்துக் கலந்து குவித்தார்கள். ஜூன் தொடக்கத்தில் பிளிக்ஸ், இனி அந்த வழியில் கணக்கைத் திரும்பக் கட்ட முடியாது என்று ஐ.நா.வுக்கு எழுதினார். ஜூன் 13-இல் வடகொரியா முகமையை விட்டே போய்விட்டது.

பொருளை ஒளித்தால் என்றைக்காவது தேடி எடுக்கலாம். பதிவை அழித்தால் என்ன செய்வது?

குறிஞ்சிமலர் எழுதியது:

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. இதற்குப் பிறகு சட்டத்தில் ஒன்றும் மாற்றவில்லையா?

வைகைக்கரை எழுதியது:

மாற்றினார்கள். இராக், வடகொரியா இரண்டும் சேர்ந்து கொடுத்த அடியில்தான். இராக்கில் துவைத்தா வளாகத்துக்கு ஆய்வாளர்கள் முறையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்த கட்டடங்களுக்குப் பக்கத்துக் கட்டடங்களிலேயே அறிவிக்காத வேலை நடந்தது 1991 போருக்குப் பிறகுதான் தெரிந்தது. ரேஷன் கடையில் பதிவேட்டையும் மூட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் இருக்கும் கிட்டங்கியைத் திறக்கச் சொல்லாமல் வருவது மாதிரிதான் பழைய நடைமுறை இருந்தது.

1997-இல் கூடுதல் நெறிமுறை வந்தது. யுரேனியச் சுரங்கம் முதல் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளின் உற்பத்தி வரை அறிவிக்க வேண்டும். குறுகிய அவகாசத்தில், அறிவிக்காத இடங்களிலும் நுழைவு கேட்கலாம். துணியால் துடைக்கும் மாதிரி எடுப்பு முறையான கருவி ஆனது. இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் அமலில் இருக்கிறது. ஆனால் கட்டாயம் இல்லை. பிரேசில், அர்ஜென்டினா, எகிப்து எல்லாம் சேரவில்லை. ஈரான் 2003-இல் கையெழுத்திட்டு, சட்டமாக ஏற்காமல் தானாகக் கடைப்பிடித்தது, 2006-இல் நிறுத்தியது. 2016 முதல் அணு உடன்பாட்டின் கீழ் மறுபடி கடைப்பிடித்து, அமெரிக்கா 2018-இல் உடன்பாட்டை விட்டு வெளியேறியபின் 2021 பிப்ரவரியில் திரும்பவும் நிறுத்தியது.

தேரிக்காடு எழுதியது:

ஈரானைத் தொட்டுவிட்டீர்கள், அதனால் கேட்கிறேன். 2025 ஜூன் 12 அன்று ஆளுநர் குழு 19-க்கு 3 என்று ஈரான் மீறியதாக முடிவெடுக்கிறது, 11 நாடுகள் ஒதுங்குகின்றன. மறுநாள் இஸ்ரேல் குண்டு போடுகிறது. ஜூன் 22-இல் அமெரிக்கா ஈரானின் போர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணுநிலையங்கள் மீது போடுகிறது. ஒப்பந்தத்தில் இருந்து, ஆய்வாளர்களை உள்ளே விட்ட நாடு அடிபட்டது. வெளியேறிய வடகொரியாவை யாரும் தொடவில்லை. இஸ்ரேல் ஒப்பந்தத்திலேயே இல்லை. இதைப் பார்க்கும் மற்ற நாடு எந்தப் பாடத்தைப் படிக்கும்? உங்கள் 19-ஆம் பத்தியையா?

பனையோலை எழுதியது:

தேரிக்காடு, இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்தான். "சரிபார்க்க முடியவில்லை" என்ற முடிவு பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போகும் வழி. படை எடுக்க அனுமதிச் சீட்டு அல்ல. 1981-இல் இராக்கின் ஒசிராக் உலையை இஸ்ரேல் தாக்கியபோது 487-ஆம் தீர்மானம் அதை ஒருமனதாகக் கண்டித்தது, கண்காணிப்பு முறை மீதே விழுந்த அடி என்றும் சொன்னது. அன்றைக்கு அமெரிக்காவும் அதற்கு வாக்களித்தது. அந்தச் சட்டம் மாறவில்லை.

ஆனால் அதற்காக ஜூன் 12 முடிவு தவறு என்று ஆகாது. ஈரானின் துர்குசாபாதில் அறிவிக்காத இடத்தில் யுரேனியத் துகள் கிடைத்து ஆண்டுக்கணக்காக நம்பத்தகுந்த விளக்கம் வரவில்லை. இரண்டு கேள்விகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

பனையோலையோடு முழுக்க உடன்படுகிறேன். தாக்குதலால் கண்காணிப்புக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன். தாக்குதல் தொடங்கியபோது ஈரானிடம் 60 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியம் 440.9 கிலோ இருந்ததாக முகமை மதிப்பிட்டது. அதற்கு முன்பு வரை ஆய்வாளர்கள் கொள்கலன்களை நேரில் பார்த்து, சீல் வைத்து, எண்ணிக்கொண்டிருந்தார்கள். குண்டு விழுந்தபின் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஜூலையில் ஈரான் ஒத்துழைப்பை நிறுத்தச் சட்டம் போட்டது. பொருளைக் கண் முன்னால் வைத்திருந்த ஒரே ஏற்பாட்டை, பொருளுக்குப் பயந்தவர்களே உடைத்தார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

குறிஞ்சிமலர் எழுதியது:

உப்பளம் ஐயாவுக்குக் கடைசியாக ஒரு கேள்வி. யோங்பியோன் பதிவு அழிந்தது அழிந்ததுதானா? நாளை வடகொரியா கதவைத் திறந்தால் ஏதாவது மீட்க முடியுமா?

உப்பளம் எழுதியது:

ஓரளவு முடியும். அந்த உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பது கிராஃபைட். எவ்வளவு சுத்தமான கிராஃபைட்டிலும் போரான், டைட்டானியம் போன்றவை மிகக் கொஞ்சம் கலந்திருக்கும். உலை ஓட ஓட நியூட்ரான் பட்டு அவற்றின் ஐசோடோப்பு விகிதம் மாறிக்கொண்டே போகும். கோலை மாற்றலாம், கிராஃபைட் அடுக்கை மாற்றுவது லேசில் நடக்காது. உலைக்குள் பல இடங்களில் சிறு துண்டுகள் எடுத்து அளந்தால், அந்த உலை பிறந்ததிலிருந்து மொத்தம் எவ்வளவு புளூட்டோனியம் உண்டாக்கியது என்று நல்ல துல்லியத்தோடு சொல்லலாம். வேல்ஸில் இருக்கும் திராஸ்வினித் என்ற பழைய உலையில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் கிடைப்பது மொத்தக் கணக்கு. 1989-இல் இவ்வளவு, 1991-இல் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அந்த உலை அதன்பிறகும் பல ஆண்டுகள் ஓடியிருக்கிறது. மொத்தத்தை வைத்து, அவர்கள் கையில் இருக்கும் இருப்பையும் சோதனைகளில் செலவானதையும் கழித்துப் பார்க்க வேண்டும். சோதனையில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு செலவானது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். 2008-இல் அமெரிக்காவிடம் சுமார் 18,000 பக்க இயக்கப் பதிவேடுகளைக் கொடுத்தார்கள். கிராஃபைட் அளவீட்டை அந்தப் பக்கங்களோடு ஒப்பிடுவதிலிருந்துதான் வேலையைத் தொடங்குவேன்.